எழுதா இசையின் ஒழுங்கு: 'லைஃப்ரைம்' என்னும் மூவர் குழு பற்றிய ஒரு மதிப்பீடு

இசையைத் திறனாய்ந்து எழுதப் புகுவார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. காவியத்தை ஆய்வோன் செய்யுளை எடுத்துக்காட்டித் தன் கூற்றை நிறுவலாம். ஓவியத்தை ஆய்வோன் படத்தைச் சுட்டிக் காட்டலாம். இசையை ஆய்வோனோ ஒலித்து மறைந்த ஒன்றைச் சொல்லாற் பிடிக்க முயல்கின்றான். வாய்ப்பாட்டாயின் சாகித்தியமாவது அவனுக்குத் துணைநிற்கும். சொல்லற்ற வாத்திய இசையில் அத்துணையும் இல்லை. அவ்விசைதானும் முன்னரே எழுதிவைக்கப்படாது, வாசிக்கும் அப்பொழுதிலேயே பிறப்பதாயின் அவனது இடர்ப்பாடு பின்னும் பெருகும். இதனை உணர்ந்தே, ஜாஸ் இசையும் றொக் இசையும் ஒன்றோடொன்று கலந்து உருவான 'பியூஷன்' என்னும் இசைவகையின் முன்னோடிகளுள் ஒன்றாகிய மூவர் குழுவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். 1969ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே தோன்றிய 'லைஃப்ரைம்' என்பதே அக்குழு. ரொனி வில்லியம்ஸ் டிரம் வாசித்தார். ஜோன் மக்லாஃப்லின் மின்கிற்றார் வாசித்தார். லரி யங் ஹமண்ட் ஓர்கன் வாசித்தார்.

இத்தகைய இசையைக் குறித்து நம்மிடையே இருவேறு கருத்துக்கள் வழங்குகின்றன. நம் இசைமரபிற் பயின்ற பெரியோர் பலர், இது வெறும் இரைச்சல் என்றும், மூவரும் தத்தமக்குத் தோன்றியதை ஒரே வேளையில் ஒலிக்கின்றனர் என்றும் கூறுவர். இளைஞர் சிலரோ அதனையே அதன் பெருமையாகக் கொண்டு, இவ்விசைக்கு இலக்கணமே இல்லை, முழுச் சுதந்திரமே இதன் உயிர் என்பர். முன்னவர் பழிக்கின்றனர், பின்னவர் போற்றுகின்றனர். ஆயினும் இருவரும் ஒரே அடிப்படையில் நிற்கின்றனர். எழுதிவைக்கப்படாதது ஒழுங்கற்றது என்பதே அவ்வடிப்படை. அது பிழை என்பதை லைஃப்ரைம் குழுவின் இசையைக் கொண்டே காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே உருப்பெற்ற ஜாஸ் இசை, தொடக்கந்தொட்டே மனோதர்மத்துக்கு இடமளித்தது. எனினும் அம்மனோதர்மம் ஒரு சட்டத்தினுள்ளேயே இயங்கியது. பன்னிரண்டு அல்லது முப்பத்திரண்டு அளவுகள் கொண்ட ஒரு வட்டம் மீண்டும் மீண்டும் சுழலும்; அவ்வட்டத்தின் ஒவ்வோர் இடத்திலும் எச்சுரக்கூட்டு ஒலிக்கவேண்டும் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். பெருவயலின் போன்ற பாஸ் என்னும் கருவி கீழ்ச்சுரங்களை நடைபோடுவதுபோல ஒலித்து அடித்தளம் இடும். டிரம் காலத்தைக் காக்கும். இவ்வடித்தளத்தின்மேல் நின்று ஒருவர் மாறி ஒருவராகத் தம் கற்பனையை விரிப்பர். அடித்தளம் இடுவோர் வேறு, அதன்மேல் மாளிகை எழுப்புவோர் வேறு என்ற பாகுபாடு அங்கு நிலவிற்று.

மூவர் குழு என்பதும் லைஃப்ரைம் புதிதாகக் கண்டதன்று. 1935ஆம் ஆண்டிற் சந்தைக்கு வந்த ஹமண்ட் ஓர்கன், தேவாலயங்களில் விலையுயர்ந்த குழாய் ஓர்கனுக்கு மாற்றாகப் பயன்பட்ட மின்கருவியாகும். 1950களின் நடுப்பகுதியில் ஜிமி சிமித் என்பவர் அதனை ஜாஸ் அரங்கின் தலைமைக் கருவிகளுள் ஒன்றாக்கினார். ஓர்கன் வாசிப்பவர் வலக்கையால் இசையையும், இடக்கையாலும் காலாலும் பாஸ் சுரங்களையும் ஒலிக்க வல்லவர். ஆதலின் பாஸ் வாத்தியக்காரர் வேண்டப்படவில்லை. ஓர்கன், கிற்றார், டிரம் ஆகிய மூன்றும் சேர்ந்த குழு விடுதிகளிலே பெருவழக்காயிற்று. லைஃப்ரைம் அமைப்பும் புறத்தோற்றத்தில் இதுவே. பழைய பாத்திரத்திலே புதிய உணவு பரிமாறப்பட்டது எனலாம்.

அப்புதுமையை உணர்வதற்கு மூவரின் பயிற்சியையும் அறிதல் வேண்டும். ரொனி வில்லியம்ஸ் 1945ஆம் ஆண்டு சிக்காகோவிற் பிறந்து பொஸ்ரன் நகரில் வளர்ந்தவர். தந்தையார் சாக்சபோன் வாசிப்பவர். ஆதலால் சிறுபராயத்திலேயே அரங்குகளின் ஒலி அவர் செவிக்குப் பழக்கமாயிற்று. அலன் டோசன் என்னும் பேராசானிடம் டிரம் வாசிப்பை முறையாகக் கற்றார். 1963ஆம் ஆண்டில், பதினேழு வயதிலே, மைல்ஸ் டேவிஸ் என்னும் எக்காள மேதையின் குழுவிற் சேர்ந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அங்கே வாசித்தார். லரி யங் 1940ஆம் ஆண்டு நியூ ஜேர்சி மாநிலத்து நியூவார்க் நகரிற் பிறந்தவர். ஜிமி சிமித்தின் வழியிலே தொடங்கிப் பின்னர் தமக்கென ஒரு வழி கண்டவர். 1965ஆம் ஆண்டில் அவர் பதிவு செய்த 'யூனிற்றி' என்னும் இசைத்தட்டு அவ்வழிக்குச் சான்று. ஜோன் மக்லாஃப்லின் 1942ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யோர்க்சயரிற் பிறந்து, இலண்டனிலே பலவகைக் குழுக்களில் வாசித்துத் தேர்ந்தவர். வில்லியம்ஸின் அழைப்பை ஏற்று 1969ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயோர்க் வந்தார். மூவருள் எவரும் கல்லாது அரங்கேறியவர் அல்லர். பழைய இலக்கணத்தை முற்றக் கற்றபின்னரே அதனைக் கடக்கத் துணிந்தவர்கள். சுதந்திரமே இவ்விசையின் உயிர் என்று கூறும் இளைஞர் முதலில் நினைவிற்கொள்ளத் தக்கது இதுவே.

வில்லியம்ஸ் தனிக் குழு அமைப்பதற்கு முன்னரே அடித்தளம், மாளிகை என்னும் பழைய பாகுபாட்டை அசைக்கத் தொடங்கிவிட்டார். 1967ஆம் ஆண்டு மைல்ஸ் டேவிஸ் குழு பதிவு செய்த 'நெஃபர்டீட்டி' என்ற உருப்படியை இதற்கு எடுத்துக்காட்டலாம். வழக்கமாக எக்காளமும் சாக்சபோனும் தொடக்க இசையை ஒருமுறை ஒலித்துவிட்டுக் கற்பனைக்குள் புகும். இவ்வுருப்படியிலோ அவை இரண்டும் அதே இசையை இறுதிவரை திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. கற்பனை முழுவதும் கீழே, சிறப்பாக டிரமிலே, நிகழ்கின்றது. மேலிருந்தது நிலையாயிற்று, கீழிருந்தது அசைவாயிற்று. இசை அளவில் இஃது அமைதியான உருப்படியே. ஆயினும் கருத்தளவில் இது பெரும் புரட்சி.

இதற்கு நேர்மாறான இன்னொரு சான்றும் உண்டு. 1969 பெப்ரவரி 18ஆம் நாள் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த 'இன் எ சைலன்ற் வே' என்னும் தட்டில் வில்லியம்ஸும் மக்லாஃப்லினும் ஒருங்கே வாசித்தனர். அத்தட்டின் முதற்பக்கம் முழுவதிலும், ஏறத்தாழ 18 நிமிடம், வில்லியம்ஸ் காலால் இயங்கும் இணைச் சிம்பல் தட்டுக்களிலே ஒரே சீரான நுண்ணிய அடியைத் தவிர வேறெதனையும் பெரும்பாலும் வாசிக்கவில்லை. உலகின் மிக விரைவான கைகளுள் ஒன்றை உடையவர், தலைவர் வேண்டியவாறு தம்மை முற்றும் அடக்கிக்கொண்டார். அதே ஆண்டு மே மாதத்தில், தம் சொந்தக் குழுவோடு 'எமேர்ஜென்சி' என்னும் இரட்டைத் தட்டைப் பதிவு செய்கையில், அவ்வடக்கம் அனைத்தையும் அவிழ்த்துவிட்டார். இவ்விரு தட்டுக்களையும் அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும்: அடங்கத் தெரிந்தவனின் கட்டவிழ்ப்பே கலையாகின்றது. அடங்கவே தெரியாதவனின் கட்டவிழ்ப்பு வெறும் ஆரவாரம்.

இனி 'எமேர்ஜென்சி' தட்டையே நோக்குவோம். பொலிடோர் நிறுவனம் வெளியிட்ட இத்தட்டில் எட்டு உருப்படிகள் உள்ளன. முதல் உருப்படியின் பெயரே தட்டுக்கும் சூட்டப்பட்டது. றொக் இசைக்குரிய கனத்த, நேரான நடையும், ஜாஸ் இசைக்குரிய துள்ளும் விரைநடையும் அதில் மாறி மாறி வருகின்றன. கலப்பிசை என்ற பெயரிற் பலர் செய்வது, ஒன்றன்மேல் மற்றொன்றைப் பூசுவதே. இங்கோ அங்ஙனமன்று. ஒரு நடையிலிருந்து மறு நடைக்குச் செல்லும் வாயில் எங்கே திறக்கும் என்பதைக் கேட்போன் முன்கூட்டி அறியான். வாசிப்போர் மூவரும் அவ்வாயிலில் ஒருங்கே நுழைகின்றனர். இரு நடைகளும் கலந்தன என்பதிலும், அவற்றிடையே மூவரும் உடன்பட்டு நடந்தனர் என்பதே இன்பம் தருகின்றது.

இதிலிருந்து நாம் கூறக் கருதிய மையப் பொருளுக்கு வருகின்றோம். மூவர் குழுவின் கவர்ச்சி விரைவிலும் இல்லை, உரப்பிலும் இல்லை, கலப்பிலும் இல்லை. ஒருவர் மற்றவரைக் கேட்கும் செயலை நாமும் செவியாற் கேட்க முடிகின்றது என்பதே அதன் கவர்ச்சி. இதனை எளிய கணக்கினால் விளக்கலாம். இருவர் வாசிக்கும்போது அவரிடையே உள்ள உறவு ஒன்று. அது வினாவும் விடையுமாக அமைந்துவிடும். நால்வர் வாசிக்கும்போது இருவர் இருவராகச் சேரும் உறவுகள் ஆறு. அவற்றை ஒருங்கே பின்தொடர்தல் செவிக்கு அரிது. மூவரிடையே உறவுகள் மூன்று. டிரமும் கிற்றாரும், கிற்றாரும் ஓர்கனும், ஓர்கனும் டிரமும் என்ற இம்மூன்றையும் ஊன்றிக் கேட்பவன் ஒருங்கே தொடரலாம். மேலும், இருவர் உடன்பட்டு நிற்க மூன்றாமவர் வேறுபடுவது மூவரிடையேதான் தோன்றுகின்றது. மறுகணம் அவ்விருவருள் ஒருவர் பிரிந்து, வேறுபட்டவரோடு சேர்கின்றார். இவ்வாறு கணந்தோறும் கட்சி மாறுதல் காதுக்கு ஒரு நாடகம். ஒளிந்துகொள்ளவும் அங்கே இடமில்லை. ஒருவர் சோர்ந்தால் கட்டிடத்தின் மூன்றில் ஒரு பங்கு சரியும்.

நம் கருநாடக இசைக் கச்சேரியும் பெரும்பாலும் மூவர் குழுவே என்பதை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். பாடுபவர், வயலின் வாசிப்பவர், மிருதங்கம் வாசிப்பவர் ஆகிய மூவரும் மனோதர்ம இசையில் வல்லவரே. ஆயினும் வேறுபாடு உண்டு. அங்கே தலைமை தெளிவானது: பாடுபவர் ஆலாபனை செய்ய வயலின் அதனைத் தொடரும், பின்னர் தன் முறை வரும்போது தானும் விரிக்கும், மிருதங்கத்துக்குத் தனியாவர்த்தனம் வரையறுக்கப்பட்டுள்ளது. எல்லார்க்கும் அடியில் தம்புராவின் சுருதி மாறாது ஒலிக்கின்றது. கையிலே தாளம் ஆவர்த்தனந்தோறும் திரும்பி வருகின்றது. லைஃப்ரைம் இசையில் மாறாத சுருதியைக் காக்கும் கருவி இல்லை. வில்லியம்ஸ் குழுவின் தலைவர் எனினும் ஒலியிலே நிலையான தலைமை இல்லை. பாஸ் வாத்தியமும் இல்லை. நம்மைத் தாங்குவன என்று நாம் நம்பியிருக்கும் தூண்கள் பலவும் நீக்கப்பட்டுவிட்டன. அங்ஙனமாயின் கட்டிடம் எதனால் நிற்கின்றது?

இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, காலத்தின் அளவு. வில்லியம்ஸின் டிரமைக் கையாற் தாளமிட்டுக் கேட்பவர்கள் முதலில் தடுமாறுவர். அழுத்தங்கள் எதிர்பாராத இடங்களில் விழும்; தாளம் மாறிவிட்டது என்று தோன்றும். ஆனால் தடுமாறாது தம் கையைச் சீராக வைத்துக்கொண்டால், பெரும்பாலும் அடியளவு மாறவில்லை, அழுத்தத்தின் இடமே மாறியது என்பது விளங்கும். எடுப்பை மறைத்து வாசித்து, கோர்வை முடியும் இடத்திலே சமத்தைக் காட்டும் நம் மிருதங்க வித்துவான்களின் உத்தியை அறிந்தவர்க்கு இது புதிதன்று. மறைக்கப்படும் அளவு வாசிப்போர் உள்ளத்தில் மாறாதிருந்தாலன்றி மறைத்தல் என்பதே நிகழாது. ஆகவே கையிற் புலப்படாத தாளம் மூவர் உள்ளத்திலும் புலப்படுகின்றது.

இரண்டாவது விடை லரி யங்கின் ஓர்கனிலே உள்ளது. மேனாட்டிசையில் சுரக்கூட்டு என்பது பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுரங்களை அடுக்குவதால் உண்டாவது. நம் குறியீட்டிற் கூறின் ச, க, ப ஆகியவை ஒருங்கே ஒலிப்பது போன்றது அது. அக்கூட்டைக் கேட்டவுடன் எச்சுரம் ஆதாரம் என்பது செவிக்குத் தெளிவாகிவிடும். அதன்மேல் வாசிப்பவர் அவ்வாதாரத்துக்குக் கட்டுப்படுவார். யங்கோ நான்காம் சுர இடைவெளியிலே அடுக்குவதை விரும்பினார்: ச, ம, கைசிகி நி என்பதுபோல. இக்கூட்டில் எதுவும் தன்னை ஆதாரம் என்று உறுதியாகக் கூறுவதில்லை. கிற்றார் எத்திசையிற் சென்றாலும் அஃது இடம் கொடுக்கும். கதவுகள் பல உள்ள மண்டபம் போன்றது அது. கிற்றாரின் விரைவையும் டிரமின் வன்மையையும் வியப்போர் இவரைக் கவனியாது விடுவதுண்டு. எம் கருத்தில் மற்றிருவரின் சுதந்திரத்தையும் இயலச்செய்தவர் இவரே. தாம் மேலே தோன்றாது பிறரைத் தோன்றச் செய்தல் எளிய கலையன்று. 1978ஆம் ஆண்டில், முப்பத்தேழு வயதிலேயே, இவர் மறைந்தது இவ்விசைக்குப் பேரிழப்பு.

'வாஷ்கார்' என்னும் உருப்படி இவ்விரண்டையும் ஒருங்கே காட்டும். இது கார்லா பிளே என்னும் பெண் இசையாசிரியர் இயற்றியது. 1960களின் தொடக்கத்தில் போல் பிளே என்பவரின் பியானோ மூவர் குழு இதனை வாசித்துப் பதிவு செய்தது. அங்கே இது சிந்தனை வயப்பட்டவன் தன்னோடு தானே பேசுவது போல ஒலிக்கின்றது. லைஃப்ரைம் குழுவினரின் கையிலோ அதே இசை புயலில் அகப்பட்ட கலம்போல எழுந்து வீழ்கின்றது. சுரவரிசை ஒன்றே, மூவர் கூட்டமும் மூவர் கூட்டமே, பொருளோ வேறாயிற்று. எழுதப்பட்ட சில அடிகள் வித்தாக இருக்க, நிலத்துக்கேற்ப மரம் வேறுபட்டு வளர்ந்தமையை இவ்விரண்டையும் ஒப்புநோக்கும் மாணாக்கர் காண்பர். மனோதர்மம் என்பது யாது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இரைச்சல் என்னும் குற்றச்சாட்டை இனி எடுத்துக்கொள்வோம். ஒலி உரத்தது என்பதனாலேயே இரைச்சல் ஆகிவிடாது. நம் ஆலயத் திருவிழாக்களிலே தவிற்சமா நிகழும்போது அவ்வொலி வீதி கடந்து கேட்கும். அதனை யாழ்ப்பாணத்தார் எவரும் இரைச்சல் என்று கூறார். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவர்கள் அதன் உரப்பை அன்று, அதன் கணக்கையும் நயத்தையுமே நினைவிற் கொண்டனர். உரத்த ஒலியினூடே கணக்கைத் தேடிப் பழகிய செவி நமக்கு உண்டு. அச்செவியையே இவ்விசைக்கும் கொடுத்தல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

அதற்காகக் குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது. 'எமேர்ஜென்சி' தட்டின் ஒலிப்பதிவு செம்மையானதன்று. ஓர்கனும் கிற்றாரும் பல இடங்களிற் கரகரத்துச் சிதைந்து ஒலிக்கின்றன. அச்சிதைவு இசையின் வேகத்துக்குப் பொருத்தமே என்று சிலர் நயம் கூறுவர். கிற்றாரைப் பொறுத்து அஃது ஓரளவு உண்மையாகலாம். ஆனால் ஓர்கனின் நுண்ணிய சுரக்கூட்டுக்கள் அதனால் மங்கிவிடுகின்றன. மூவரும் ஒருவரையொருவர் கேட்பதே இவ்விசையின் உயிராயின், நாம் அவருள் ஒருவரை நன்கு கேட்க முடியாமை சிறு குறையன்று. இரண்டாவதாக, மூன்று உருப்படிகளில் வில்லியம்ஸ் தாமே பாடுகின்றார். மென்மையாக, பேசுவதுபோலப் பாடும் அக்குரலிலே இசைப்பயிற்சி இல்லை. அச்சொற்களிலும் ஆழம் இல்லை. கைகள் சொல்லியதை வாய் சுருக்கிவிட்டது எனலாம். கருவியிசையாக மட்டும் அமைந்த 'வாஷ்கார்', 'சங்ரியா போர் திரீ' போன்ற உருப்படிகளே குழுவின் உண்மையான உயரத்தைக் காட்டுவன. மூன்றாவதாக, நீண்ட உருப்படிகளிற் சில இடங்களில் கிற்றாரின் விரைவு தேவையினாலன்றி வழக்கத்தினால் நிகழ்கின்றது. சொல்லவேண்டியது முடிந்தபின்னும் பேசுபவரைப் போல அது தொடர்கின்றது. அவ்விடங்களில் முற்கூறிய பெரியோரின் குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று.

இக்குழு நெடுநாள் நிலைக்கவில்லை. 1970இல் ஜக் புறூஸ் என்னும் பாஸ் கிற்றார்க்காரர் நான்காமவராக வந்து சேர்ந்தார். அவர் திறமையில் ஐயமில்லை. எனினும் அடித்தளத்துக்கு என ஒருவர் வந்தவுடன், மூவரும் மாறி மாறி அடித்தளமாகவேண்டிய நெருக்கடி குறைந்தது. நெருக்கடி குறைய, அதனாற் பிறந்த விழிப்பும் ஓரளவு குறைந்தது என்பது எமது துணிபு. 1971இல் மக்லாஃப்லின் பிரிந்து மஹாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா என்ற குழுவை அமைத்தார். லைஃப்ரைம் திறந்த வழியிலே சென்ற அக்குழுவுக்கே பெருங்கூட்டமும் பெரும்புகழும் வாய்த்தன. வில்லியம்ஸ் 1997ஆம் ஆண்டு பெப்ரவரியிற் காலமானார். வழி வெட்டியவர்க்குக் கூலி குறைவு என்பது இசைத்துறைக்கும் பொருந்தும்போலும்.

மக்லாஃப்லின் பின்னர்ச் சென்ற வழி நமக்கு அணித்தானது. 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலே அவர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து அப்பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்ற அதே இராமநாதன் அவர். வயலின் வித்துவான் எல். சங்கரையும் மக்லாஃப்லின் அங்கேயே சந்தித்தார். இச்சங்கரின் தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராக விளங்கியவர். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்தின் பின் அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. சங்கரின் இளம்பருவம் இம்மண்ணிலே கழிந்தது என்பதை நம் மாணாக்கர் பலர் அறியார். மக்லாஃப்லினும் சங்கரும், தபேலாவில் சாகிர் உசேன், கடத்தில் விநாயகராம், மிருதங்கத்தில் இராமநாதபுரம் இராகவன் ஆகியோரும் சேர்ந்த 'சக்தி' குழு 1975 யூலையில் வாசித்த கச்சேரி தட்டாக வெளிவந்தது. மின்னொலி முற்றும் நீங்கிய இசை அது. 2007ஆம் ஆண்டில் மக்லாஃப்லின், விநாயகராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து, கொன்னக்கோலைக் கற்பிக்கும் ஒளித்தட்டு ஒன்றையும் வெளியிட்டார். 'ததிங்கிணதொம்' என்று மேனாட்டார் ஒருவர் தம்மவர்க்குக் கற்பிக்கும் காட்சி நமக்கு மகிழ்ச்சி தருவதே.

எனினும் இதனால் நம்மவர் சிலர் அவசரப்பட்டுக் கூறும் முடிவு ஒன்றை மறுத்தல் வேண்டும். மேனாட்டார் இறுதியில் நம் இசைக்கே வந்து சேர்ந்தனர் என்றும், ஆதலால் அவர்கள் முன்னர் வாசித்தது தேடலின் தடுமாற்றமே என்றும் அவர்கள் கூறுவர். உண்மை மறுதலையாக உள்ளது. லைஃப்ரைம் இசையிலே பிறரைக் கேட்டுப் பழகிய செவியே பின்னர் கடத்தையும் மிருதங்கத்தையும் கேட்க வல்லதாயிற்று. 1969இல் வில்லியம்ஸின் மறைந்த அளவைத் தம் உள்ளத்தில் காத்துக்கொண்டு வாசித்தவர்க்கு, 1975இல் நம் கோர்வையின் கணக்கு அந்நியமாக இருந்திராது. 1989இல் இலண்டனில், டிரிலோக் குர்ட்டுவையும் கை எக்காட் என்னும் பாஸ் கிற்றார்க்காரரையும் துணைக்கொண்டு அவர் மீண்டும் மூவர் குழுவாக வாசித்த கச்சேரித் தட்டையும் நாம் கேட்கலாம். அங்கே உரப்பு இல்லை. மின்சாரத்தின் சீற்றமும் இல்லை. ஆயினும் மூவரும் ஒருவரையொருவர் கேட்கும் அதே விழிப்பு உண்டு. உரப்பு நீங்கியபின்னும் எஞ்சிநிற்பது எதுவோ அதுவே இவ்விசையின் உயிர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் பயன் இசையரங்கோடு முடிவதன்று. திருவள்ளுவர் கல்வியை அடுத்துக் கல்லாமையையும், அதன்பின் கேள்வியையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தார். கேட்டல் என்பது தனியே பயிலவேண்டிய ஒரு திறம் என்பதை அவ்வைப்புமுறையே உணர்த்தும். நம் வகுப்பறைகளில் மாணாக்கர் பேசக் கற்கின்றனர், எழுதக் கற்கின்றனர். தாம் பேசும்போதே பிறரைக் கேட்கும் கலையை எங்கே கற்கின்றனர்? விவாத மேடையிலும் தன் முறை வரும்வரை காத்திருப்பதையே கேட்டல் என்று எண்ணுகின்றோம். மூவர் குழுவில் அத்தகைய காத்திருப்புக்கு இடமில்லை. அங்கே ஒருவர் ஒலித்துக்கொண்டே கேட்கின்றார். கேட்டதற்கேற்பத் தாம் எண்ணியதை அக்கணமே திருத்திக்கொள்கின்றார். திருத்தியதனால் தோற்றவர் ஆகிவிடுவதில்லை.

ஆதலின் பெரியோர்க்கு ஒரு சொல்: இவ்விசையை விலக்குமுன் ஒருமுறை தாளமிட்டுக் கேண்மின், ஒழுங்கு உண்டா இல்லையா என்பதை உங்கள் கையே கூறும். மாணாக்கர்க்கு ஒரு சொல்: இச்சுதந்திரத்தை விரும்புவீராயின் அதன் விலையையும் அறிமின். பதினேழு வயதில் மேதையோடு அமர்ந்து வாசிக்க வல்லவரான ஒருவர், அதற்குமுன் ஆசான்முன் அமர்ந்து கழித்த ஆண்டுகளே அவ்விலை. முன்கூட்டி எழுதப்படாத இசை, முன்கூட்டிக் கற்கப்படாத இசையன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்த செவிக்கு லைஃப்ரைம் குழுவின் இரைச்சல் இரைச்சலாக இராது. மூவர் ஒருவரையொருவர் நம்பி நடந்த நடையாக ஒலிக்கும்.